விரதத்தின் பதின்மூன்றாம் நாள்

வோபர்ன், ஸ்காபரோ, கனடா
21.04.1997

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளவத்தையில் நீங்கள் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்க வேண்டும். இங்கே அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பனி கரைந்து பாதையோரமெல்லாம் கறுத்த சேறாகக் கிடக்கிறது.

என் வேலையிட விலாசத்துக்கு நீங்கள் தனியாகப் போட்ட கடிதம் கிடைத்தது. மதிய இடைவேளையில் வோஷ்ரூமுக்குள் போய் நின்று வாசித்தேன். "நாலு மாசமா வாற கடிதங்களிலை அவரின்ரை எழுத்து இல்லை. ஆர் எழுதிறது? அங்கை ஆரும் இருக்கினமோ? ஒரு பொம்பிளையா எனக்கு உண்மையைச் சொல்லும்" என்று கேட்டிருந்தீர்கள். இந்த எழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கும். மார்கழிக்குப் பிறகு அண்ணாவின் பெயரில் வந்த நான்கு கடிதங்களையும் எழுதியது நான்தான். வேறு ஒருத்தியும் இல்லை.

அண்ணாவுக்கு வலது கையில் நான்கு விரல்கள் இல்லை. இடது கையில் இரண்டு இல்லை. பெருவிரல்கள் இரண்டும் இருக்கின்றன. தை மாதக் கடைசியில் இங்கே ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. மூன்று இரவு யோசித்தும் இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. எப்படி நடந்தது என்பதையாவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் எட்வேட் அங்கிளின் டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுவது உங்களுக்குத் தெரியும். பட்டம் எடுத்த பிறகும் அங்கேதான் இருக்கிறேன். போன கார்த்திகையில், வடதுருவப் பக்கம் சுற்றுலா நடத்தும் ஒரு கொம்பனி ஏஜென்சிக்காரர்களுக்கு இரண்டு இலவச இடம் கொடுத்தது. பாஃபின் தீவில் இக்காலுயிட் என்ற ஊர். காலையில் வழிகாட்டியோடு பனிவெளிக்குள் போய் இருட்டுவதற்கு முன் திரும்புவது. எட்வேட் அங்கிள் என்னைக் கூப்பிட்டு, "எங்கடை சனம் குளிருக்குக் காசு குடுத்துப் போகுமோ எண்டு எனக்குச் சந்தேகம். நீர் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும், பிள்ளை" என்றார். எனக்கு ஒரு துளி விருப்பமும் இல்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் எழவில்லை.

அம்மா, "குமர்ப்பிள்ளையைத் தனிய ஐஸுக்குள்ளை அனுப்பிப்போட்டு நான் இஞ்சை நித்திரை கொள்ளுறதோ?" என்று சத்தம் போட்டார். அதனால்தான் மற்ற இடத்தில் அண்ணா வந்தார். தான் சமையல் வேலை செய்யும் பார்க்டேல் உணவகத்தில் இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் அந்தப் பயணத்தில் ஆசை இருக்கவில்லை. எனக்குத் துணையாக வந்தார், அவ்வளவுதான்.

அப்போது பெருங்கதை விரதம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் விசா நேர்முகம் நல்லபடி முடிய வேண்டும் என்று அண்ணா அந்த வருடம் காப்புக் கட்டியிருந்தார். நீங்களும் அங்கே பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு, பின்னேரம் விளக்கு வைத்த பிறகு. பயணத்துக்காவது இரண்டு நாள் விடலாமே என்று கேட்டேன். "அவள் அங்கை பச்சைத் தண்ணியோடை நிப்பாள், நான் இஞ்சை வயிறு முட்டச் சாப்பிடுறதோ?" என்றார். நாங்கள் பனிக்குள் போனது விரதத்தின் பதின்மூன்றாம் நாள்.

வழிகாட்டியின் பெயர் பவுலூசி. இனுயிட் மனிதர், நாற்பது வயதிருக்கும். காலையில் எங்களைத் தன் வீட்டுக்குத்தான் முதலில் கூட்டிப் போனார். எங்களோடு மொன்றியலிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். எல்லோருக்கும் மான்தோலில் தைத்த உடுப்பும் முழங்கை வரை வரும் கையுறையும் தந்தார்கள். அண்ணாவுக்கு உடுப்பு நீளமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா பாத்தாவெண்டால் கரடியெண்டு கதவைச் சாத்திப்போடுவா" என்றார். நான் சிரித்தேன். அவர் சொல்லி நான் சிரித்த கடைசிப் பகிடி அது.

பவுலூசியின் மனைவி மான் இறைச்சிச் சூப்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வைத்தார். விரதகாரர் மச்ச மாமிசம் எப்படித் தொடுவது? அந்த மனுஷி எங்களுக்கு எதிரிலேயே, கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று, அவர் ரொட்டி எடுக்கத் திரும்பிய நேரம், அண்ணா தன் சூப்பை என் கோப்பைக்குள் ஊற்றினார். நான் இரண்டையும் குடித்தேன். அண்ணாவின் கோப்பை வெறுமையாக இருப்பதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார்.

வெளிக்கிடும்போது பவுலூசி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார், வயிறு நிறையச் சாப்பிட்டாயா என்று. இந்தக் குளிரில் பாதிச் சூடு உடுப்பு, மற்றப் பாதி சாப்பாடு; சாப்பிடாத ஆளைத் தான் ஏற்றுவதில்லை என்றார். அண்ணாவுக்கு அவருடைய ஆங்கிலம் பிடிபடவில்லை. என்னிடம் கேட்டார். சொன்னேன். "ஓமெண்டு சொல்லு, நிலா. விரதத்தை உவங்களுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டா இருட்டிப்போடும்" என்றார்.

அண்ணி, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். வைத்தியரிடமும் வங்கியிலும் வீட்டுக்காரனிடமும் எல்லோருக்குமாக ஆங்கிலம் பேசுவது நான். அந்நியர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். எவ்வளவு சுருக்கமாக முடியுமோ அவ்வளவு சுருக்கமாக முடித்துவிடுவேன். அன்றும் அப்படித்தான். மொன்றியல்காரர் இருவரும் கேட்டுக்கொண்டு நிற்க, பிள்ளையாரையும் காப்பையும் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டார் என்று சொன்னேன்.

பனியில் ஓடும் மோட்டார் வண்டியைப் பவுலூசி ஓட்ட, அதன் பின்னால் கட்டிய நீண்ட மரச் சறுக்குவண்டியில் நாங்கள் நால்வரும் இருந்தோம். முதுகில் அடிக்கும் காற்று எனக்குப் படாமல் அண்ணா கடைசியில் இருந்தார். உறைந்த ஆற்றின் மேல் போனோம். மரம் என்று ஒன்றுகூட இல்லை. பார்க்கும் இடமெல்லாம் சாம்பல் கலந்த வெள்ளை. சூரியன் மலை விளிம்பை விட்டு மேலே வரவில்லை; இரண்டு மணிக்கு முன்பே அது போய்விடும் என்றார்கள். மூச்சு விட்டால் இமை மயிர் ஒட்டிக்கொண்டது. அழகாக இருந்ததா என்று எட்வேட் அங்கிள் பிறகு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே மனிதருக்கென்று எதுவும் வைக்கப்படவில்லை என்று மட்டும் தோன்றியது.

திரும்பும் வழியில் மோட்டாரின் பட்டி அறுந்தது. மாற்றுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. எல்லோரையும் நடந்துகொண்டே இருக்கச் சொன்னார் பவுலூசி. தேநீரும் பிஸ்கட்டும் தந்தார். அண்ணா வெறும் தேநீரில் அரைக் கோப்பை குடித்தார். பிஸ்கட்டைச் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் அவருடைய உடுப்பைத் தந்தபோது பொக்கற்றில் மூன்று பிஸ்கட்டும் முழுதாக இருந்தன.

மறுபடி வெளிக்கிட்டபோது அவர் பேச்சுக் குறைந்திருந்தது. "உதெல்லாம் சொன்னா பிரதீபா நம்பமாட்டாள்" என்று ஒருமுறை சொன்னார். உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார், விடுவோம் என்று நானும் பேசவில்லை. இருபது நிமிடம் இருக்கும். ஏதோ மனம் கேட்காமல் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையுறையும் இல்லை. பஸ்ஸில் இருப்பவரைப் போல வெறுங்கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரியான வெக்கை, நிலா. அம்மாட்டைச் சொல்லி யன்னலைத் திற" என்றார்.

உடம்பு தோற்கிற நேரத்தில் குளிர் சூடு போலத் தெரியுமாம். பிறகு வைத்தியர் சொன்னார். அப்போது எனக்குத் தெரியாது. கையைத் தொட்டேன், விறகைத் தொட்டதுபோல் இருந்தது.  முன்னால் இருந்த மொன்றியல் பெண்ணின் முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன். அவள்தான் கத்தி வண்டியை நிறுத்தினாள்.

பவுலூசி தன் உடுப்பைத் தூக்கி, அண்ணாவின் இரண்டு கைகளையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டார். அப்படியே நின்றுகொண்டு, காலையில் இவர் என்ன சாப்பிட்டார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். விரதம், சூப், எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது. அவர் என்னை ஏசவில்லை. தெரிந்திருந்தால் அவரை என் மனைவியோடு அடுப்படியில் இருத்திவிட்டுப் போயிருப்பேன், ஒரு பகல்தானே என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை வாசிக்கும்போது, உங்களுக்காகப் பிடித்த விரதம்தானே என்று உங்கள் மனம் போகும். தயவுசெய்து போகவிடாதீர்கள். அம்மா முப்பது வருடமாகப் பிடிக்கிறார். நீங்களும் பிடித்தீர்கள். பிள்ளையார் ஒருவர் விரலையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவள் நான்.

இப்போது அண்ணா வேலைக்குப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். கரண்டியைப் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடிக்கப் பழகிவிட்டார். அம்மா ஊட்ட வந்தால் மட்டும் கோபம் வருகிறது. கேட்கிறவர்களுக்கு, "கையிலை சின்னக் காயம்" என்கிறார் அம்மா. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். முதல் இரண்டு கடிதமும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நீங்கள் காத்திருப்பீர்களே என்று மிச்சத்தை நானாக எழுதினேன். "நீர் வாற அண்டு நான்தான் சமைப்பன்" என்ற வரியும் என்னுடையது. என்ன சமைப்பீர்கள் என்று ஆசையாகப் பதில் போட்டிருந்தீர்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதக்கூட எனக்கு முகமில்லை.

இப்போது இன்னொன்று. உங்களைக் கூப்பிடுவதற்குப் போட்ட ஸ்பொன்சரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் குடிவரவுக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி மூன்று கிழமையாகக் கேட்கிறார். "என்னைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்தவோ அவளைக் கூப்பிடுறது? எட்டு மாசம்தானே சேர்ந்து இருந்தது, மறந்துபோடுவாள்" என்கிறார். ரைப்ரைட்டர் பழுது, வேலை கூட என்று பொய் சொல்லி நாளைக் கடத்தினேன். அவர் சொல்லச் சொன்னதை ஒருமுறை ஆங்கிலத்தில் சொன்னது போதும். ஆனால் அவர் இப்போது, இங்கே எங்கள் சனத்துக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிளிடம் கேட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை பின்னேரம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நல்ல மனிதர், சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார்.

அதனால்தான் தபாலை நம்பாமல், ஊருக்குப் போகும் பேபி அன்ரி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை கொழும்பில் இறங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இருபத்தாறு வயது. வர மனமில்லை என்றாலும் நான் உங்களைக் குறையாக நினைக்க மாட்டேன். எதுவாக இருந்தாலும் அண்ணாவிடம் நீங்களே சொல்லுங்கள். என் வழியாக வேண்டாம், அம்மா வழியாகவும் வேண்டாம்.

அங்கிள் வருவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். உங்களுக்கு அப்போது இரவு எட்டு. வீட்டில் அண்ணா மட்டும்தான் இருப்பார். போனை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். மணி அடித்ததும் எடுக்க மாட்டார். முதலில் விட்டுவிடுவார், திரும்பவும் கூப்பிடுங்கள். பிறகும் தாமதமாகும். ரிசீவரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். தவறி விழுந்து பெரிய சத்தம் கேட்டாலும் பயந்து வைத்துவிடாதீர்கள். அவர் குனிந்து எடுத்துக் காதில் வைக்கும் வரைக்கும் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள், அண்ணி.

என்றும் உங்கள்,
நிலாணி