மஞ்சள் பூசிய முளைக்குச்சி

1988 பிப்ரவரி 16. இரவு பத்தரை. இராஜபாளையம் லாட்ஜ். காந்த அளவீடுகள் நாற்பத்தொன்று.

காலையில் சோழபுரத்தில் செல்லத்தாய் அக்காவின் பருத்திக்காட்டில் நிலத்தடி நீர் தேடி, காந்தமானியால் அளந்தேன். ஓரிடத்தில் அளவு எகிறியது. ‘இங்கேயே போர்க்கிணறு போடுங்க’ என்று முளைக்குச்சி அடித்துவிட்டேன். அக்கா அதற்கு மஞ்சள் பூசிச் சூடம் காட்டினார்.

“கும்பிட்ட குச்சிய இனி அசைக்கப்படாது தம்பி. இதுலயும் தண்ணி வரலைன்னா காட்ட வித்துட்டு மில்லு வேலைக்குத்தான் போவணும்.”

சாயங்காலம் ஐந்தைந்து அளவீடாகச் சேர்த்துச் சராசரி எடுத்தேன். அப்படி எடுத்தால் மேலே கிடப்பவை கரைந்து, ஆழத்தில் இருப்பது நிற்கும். நான் குச்சி அடித்த இடம் கரைந்தே போய்விட்டது. அங்கே ஏதோ இரும்புத்துண்டு புதைந்திருக்கிறது. மண்ணுக்கடியில் தண்ணீரைத் தேக்கி நிற்கும் பாறைச்சுவர் முப்பது மீட்டர் மேற்கே இருக்கிறது. கணக்குப் போடாமல் குச்சி அடிக்க எனக்கு என்ன அவசரம்?

டிரைவர் காதர் அண்ணன் சிரித்தார். “சராசரி கிராசரின்னா அக்கா கேப்பாகளா? சாமி எடம் மாறிருச்சுன்னு சொல்லுங்க.”

அந்தப் பொய் என்னால் ஆகாது. நாளைக் காலை ஏழு மணிக்குத் துளை போடும் போர் வண்டி வந்துவிடும்.

1. ஆறு மணிக்குள் சோழபுரம் போக வேண்டும்.
2. போர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்த வேண்டும்.
3. குச்சியைத் தொடாமல் பக்கத்தில் தோண்டி, இரும்பை அக்கா கையில் கொடுக்க வேண்டும்.
4. இரும்பு கிடைக்காவிட்டால் என்ன சொல்வேன்?