சலவைக்கடைக்காரி கதை முடிந்த பிறகு

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் சௌமியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன்னிடம் போனில் பேசக்கூடாது என்றுதான் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். கடிதம் என்று ஒன்று இருப்பது அப்போது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. உன் தோஸ்த் இரம் இப்போது எங்கள் ஷூ கம்பெனியிலேயே தையல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். விலாசம் கொடுத்தது அவள்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஊர்ச் செய்தி. ஒடுகத்தூர் மாமா மகன் சூரியபிரகாஷுக்குப் போன மாதம் சோளிங்கர் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெண் ராணிப்பேட்டை. நீ அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியபோது, வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு இப்படியா என்று வாசலில் நின்று கத்தினாரே மாமா, அவரே வந்து பத்திரிகை வைத்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கா, வேலைதான் ஜாஸ்தி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனிடம் மானம் போய்விட்டது, இனி இவள் குரலே என் காதில் விழக்கூடாது என்று சொன்னவள் இவள்தானே? வேலை ஜாஸ்தி என்று இவளுக்கு யார் சொன்னது?

அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். எனக்கே முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

டிவியில் நீ மாதப் பணம் கட்டிப் போட்டுக்கொடுத்த நாடக ஆப்பில் உன் பெயர் போட்ட பூனைப் படத்தை அமுக்கினால் இன்னும் கொரியா நாடகம் வருகிறது. போகும்போது நீ அதை நிறுத்தாமல் விட்டுவிட்டாய். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துப் பாதியில் நின்றுபோன துறைமுகத்துச் சலவைக்கடைக்காரி கதையை அம்மா தனியாகத் தொடர்ந்தாள். நானும் துணைக்கு உட்கார்ந்தேன். தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வக்கீல் எது, வக்கீலின் அண்ணன் எது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் எனக்கு வேறு ஆள். மழை வந்தால் ஏன் ஒருவரும் குடையை விரிப்பதில்லை என்பதும் தெரியவில்லை.

ஒருநாள் நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா, எனக்குத் தெரியாம நாடகம் பாக்கறீங்களா?" என்றாள். எவ்வளவு தூரம் பார்த்தாச்சு என்று காட்டப் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு வருமே, அது அவள் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறதாம். நான் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. மறுநாளும் கோடு நகர்ந்திருந்தது. டிவி கெட்டுப்போச்சு என்றேன். பேஜாராகி இரமைக் கூப்பிட்டோம். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சௌமியாவும் இதே பூனைக்குள்ள வந்து அவ போன்ல பாக்கறா ஆன்ட்டி. அவ எங்க நிறுத்தறாளோ இங்கயும் அங்கதான் நிக்கும்" என்றாள். இரமுக்கு டீ போடுகிறேன் என்று உள்ளே போன அம்மா ரொம்ப நேரம் வரவில்லை.

அன்றிலிருந்து நான் வரும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு ஏற்றுவதுகூட அப்புறம்தான். கோடு நீளமாகப் போயிருந்தால், "இன்னிக்கு சீக்கிரம் ரூமுக்கு வந்துட்டா" என்பாள். கொஞ்சமாக நகர்ந்திருந்தால், "பாவம், பாக்கும்போதே தூங்கிட்டா போல" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று கேட்காதே. நான் பக்கத்தில் இருந்தாலும் என்னிடம் சொல்வதில்லை. ஒருநாள் கோடு அசையவே இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் தான் விட்ட இடத்துக்குக் கோட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்து முடித்ததும், நீ விட்ட இடத்துக்கே கோட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் டிவியை அணைப்பாள். கொஞ்சம் தாண்டினால் மறுபடி பின்னால், மறுபடி முன்னால். எதற்கு இந்த அவஸ்தை என்று கேட்டேன். "அவ வந்து தேடக் கூடாதுல்ல" என்றாள். இது உனக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு சரியாக நிறுத்துவாள்.

கடைசிப் பகுதியில் சலவைக்கடைக்காரியின் அம்மா சூப் பாத்திரத்தை மகள் கடை வாசலில் வைத்துவிட்டுத் தட்டாமலேயே திரும்பிப் போனாள் அல்லவா? "கதவத் தட்டுனா இன்னா கொறைஞ்சுடுவியா நீ" என்று அம்மா டிவியைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரைத் திட்டுகிறாள் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாடகம் முடிந்ததோடு கோடும் போய்விட்டது. நீ புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. உடம்பு சரியில்லையோ, பூனையை மாற்றிவிட்டாயோ என்று அம்மா என்னென்னவோ நினைக்கிறாள். கம்பெனியில் கேட்டேன். பிடித்த நாடகம் முடிந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம், அடுத்தது எது என்று தெரியாமல் கொஞ்ச நாள் முழிப்பார்களாம். சரி, எதையாவது போட்டு ஓடவிட்டால் அம்மா தேறிவிடுவாள் என்று நினைத்து, போன வாரம் லீவு நாளில் அவள் கடைக்குப் போயிருந்தபோது நானே ஒரு டாக்டர் நாடகத்தைப் போட்டேன். திரும்பி வந்து கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். "பாப்பா ஆரம்பிச்சுட்டா!" என்று பையைக் கீழேகூட வைக்காமல் நின்றாள். நான் போட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால் நாடகம் தெரியாத நான் உனக்கு நாடகம் சொல்கிறேன், சிரிக்காதே. பேக்கிங் பிரிவு செண்பகம் ஒரு ரொட்டிக்கடை விதவையின் கதையைச் சொன்னாள். அழுகை கம்மியாம். இரம் சொன்னது, பழைய காலத்து ராஜா ஒருவர் இந்தக் காலத்தில் வந்து விழுகிற கதை. அவருக்கு லிஃப்டில் ஏறக்கூடத் தெரியாதாம், எனக்குத் தோதான ஆள். நான்கு அக்கா தங்கைகள் சண்டை போட்டுக்கொள்ளும் ஒன்று இருக்கிறதாம், அது முடியவே முடியாதாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஒன்றும் பிடிக்காவிட்டால் போனில் ஓடவிட்டு நீ உன் வேலையைப் பார். இங்கே கோடு வந்தால் போதும்.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நேற்று உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, வெயில் நன்றாக அடிக்கிறது என்றாள்.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். எந்த நாடகத்தை வேண்டுமானாலும் ஆரம்பி, அம்மா உன் பின்னாலேயே வருவாள். கடைசிப் பகுதியை மட்டும் அங்கே பார்த்துவிடாதே, கண்ணு. அதை இங்கே வந்து பார்.

உன் அப்பா,
சாமிநாதன்