நூலளவு இடம்

எங்கும் நிறைந்த பரம்பொருளின் திருவடி போற்றி! என் வாழ்க்கைத் துணைவிக்கு அன்பும் ஆசியும். நான் நலம்.

மேட்டின்மேல் படியும் ரப்பர் தாளைக் குறைந்த விசையால் வேண்டிய வடிவுக்குக் கொணரும் கணக்கு இங்கே என் பொறுப்பு. "எல்லா நிபந்தனையும் பொருந்திடுச்சு ஐயா, கையெழுத்துப் போடுங்க" என்று தம் விடையை நீட்டினார் உடன் பணிபுரிபவர். எனக்கோ சந்தேகம். தாள் அழுந்திய இடமும் விலகிய இடமும் பொய் சொல்லா. பட்டும் படாமலும் நிற்குமிடமே ஏமாற்றும்.

"அங்க பாத்தீங்களா?"

"அது நூலளவு இடம் ஐயா! பூதக்கண்ணாடி வேணுமா?" என்று சிரித்தார்.

அங்கே விசையைச் சற்றே மாற்றினேன். அவர் விடையினும் குறைந்த விசையில் அதே வடிவு கிடைத்தது. சிரிப்பு நின்றது.

'முழங்கால் வலி பெரிசா ஒண்ணுமில்ல' என்று நீ எழுதியதும் நூலளவு இடமே. வைத்தியர் சொன்னதை மருமகள் எழுதட்டும். பொத்தான் தைக்க வெள்ளை நூலும் அனுப்பு. இங்கே தைத்துத் தருவார் இல்லை.

இறைவன் உன்னையும் இல்லத்தாரையும் காத்தருள்வானாக.