உன் கார்டுக்கு ஏற்ற டிரைவர்

உன் அறையில் சூடான தூசியின் வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வரும் அந்த வெப்பக் காற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் நம் கிள்ளான் ஊர் வெயிலே பரவாயில்லை என்று தோன்றும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல உன் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறேன். உள்ளே வந்து திரையைத் தட்டியதும் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் தயாராக இருக்கிறதாம், போட்டுவிடட்டுமா என்று கேட்கிறது. நீ இருந்திருந்தால், "வந்துட்டான்பா சேல்ஸ்மேன்" என்று சொல்லி அதை மூடியிருப்பாய்.

இந்தக் கார்டை நீ வாங்கிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஆபீசில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்த நம் இருவருக்கும் கம்ப்யூட்டர் என்றால் கன்டெய்னர் விவரம் தட்டும் பெட்டி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று ஆசை காட்டி அழைத்துப்போனாய். சாப்பிட்ட கையோடு, கேம் விளையாடி அலுத்துப்போன ஒரு பையனின் வீட்டுக்குப் போய் அவனுடைய பழைய கார்டை வாங்கினாய். திரும்பி வரும் ரயிலில் அதைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாய். எதிரே உட்கார்ந்திருந்த ஆன்டி, "கண்ணாடிச் சாமானாம்மா?" என்று கேட்டார். "கிராஃபிக்ஸ் கார்டு ஆன்டி" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். அவர் மரியாதையாகக் கால்களை ஒதுக்கிக்கொண்டார்.

"இந்த வயசுல கேம் விளையாடப் போறியாடி?" என்றேன்.

"கேம் இல்ல லா. நம்ம லோரி சாமான இறக்கிட்டு காலியாத்தானே திரும்பி வருது? அந்தக் காலி எடத்துல வேற யாரோட சாமானாவது வரட்டுமே."

அப்புறம்தான் விளக்கினாய். நாம் பயன்படுத்தாத நேரத்தில் நம் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கடன் கொடுக்கலாம். திரையில் படம் காட்டும் இந்தக் கார்டு கணக்கும் வேகமாகப் போடுமாம். உடம்பில் இருக்கும் புரதங்கள் எப்படி மடிகின்றன, எங்கே தவறி மடிந்து நோயாகின்றன என்ற பெரிய கணக்கைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து உலகம் முழுக்க இருக்கும் தொண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கார்டு ஒரு பொட்டலத்தை முடித்துத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்த காலம் அது. அடுப்பை மூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். அந்த நோயும் அந்தக் கணக்கில் இருந்தது. "அம்மாவுக்கு வந்து சேராதுன்னு தெரியும். வேற யார் அம்மாவுக்காவது போய்ச் சேரட்டும்" என்று சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

கார்டு வந்த பிறகு டிரைவர் தேடும் படலம் ஆரம்பித்தது. கார்டிடம் வேலை வாங்கும் மென்பொருளுக்கு இத்தனை பவுசா என்று எனக்கு ஆச்சரியம். புது கேமுக்காக அவசரமாக வெளியிட்டது ஒன்று, கம்ப்யூட்டர் தானாகவே இறக்கிக்கொள்வது ஒன்று, கார்டு செய்த கம்பெனியின் தளத்தில் போய் நாமே எடுப்பது ஒன்று. புடவைக் கடையில்கூட நீ இவ்வளவு யோசித்துப் பார்த்ததில்லை. புதிதாக ஒன்று வந்தால் உடனே தொடமாட்டாய். மற்ற தொண்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிப்பாய். கையில் இருக்கும் பொட்டலம் முடியும்வரை காத்திருப்பாய், பாதியில் நிறுத்தினால் அங்கே காத்திருப்பவர்களுக்குத் தாமதம் என்பாய். "புதுசா இருந்தா என்ன, நாம கல்யாணத்துக்கா போறோம்?" என்பது உன் வாதம்.

ஒருமுறை கம்ப்யூட்டர் உன்னைக் கேட்காமலே தன் டிரைவரைப் போட்டுக்கொண்டது. திரை பளிச்சென்று இருந்தது, படம் அருமையாக ஓடியது, பொட்டலம் மட்டும் நகரவில்லை. அந்த டிரைவரில் திரைக்கு வேண்டியது இருந்தது, கணக்குப் போடும் பகுதி இல்லை. மறுநாள் ஆபீசில் வந்து புலம்பினாய். "படம் தெரிஞ்சா போதுமா? கணக்கு நடக்கணும் லா."

அதற்குள் அம்மாவுக்கு அந்த விசிறிச் சத்தம் பழகிவிட்டது. கணக்கு ஓடும்போது கார்டின் விசிறி போடும் இரைச்சல் கூடம்வரை கேட்கும். நீ ஆபீசில் இருக்கும்போதும் அம்மா அறைக் கதவைக் காட்டி, "பிள்ள உள்ள வேல செய்யிது" என்பார். வீட்டில் கேட்டதை நீ வந்து சொல்வாய், நாம் சிரிப்போம். நீயும் மறுக்கவில்லை.

நீ போனது அவ்வளவு சீக்கிரம். காலையில் நெஞ்சு வலி என்றாய், ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடிக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் யாரோ கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள். துக்க வீட்டில் அது சகஜம்தானே. கருமாதி முடிந்த மறுநாள் உன் தம்பி முரளி போன் செய்தான். "அக்கா, அம்மா வாசல் கேட்ட விட்டு உள்ள வர மாட்டேங்கிறாங்க. எங்க அக்கா இன்னும் வேலையிலேருந்து வரலன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்தக் கம்ப்யூட்டர மட்டும் ஓட்டிக் குடுங்கக்கா, சத்தம் கேட்டா வந்துருவாங்க."

வந்து பார்த்தேன். அம்மா கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நீ இறந்துவிட்டாய் என்று முரளி சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழுதிருக்கிறார். அதன் பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். இத்தனை நாள் தூங்கிய பசியில் எதையெதையோ இறக்கிக்கொண்டது, அணைந்து எழுந்தது. திரை கண்ணாடி மாதிரி வந்தது. விசிறி மட்டும் வாயே திறக்கவில்லை. கார்டே இல்லை என்றது உன் ஆராய்ச்சிப் புரோகிராம். கார்டும் உன்னோடு போய்விட்டது என்றே நினைத்தேன். வெளியே மழை இறங்கியது. முரளியின் மனைவி குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் "படம் தெரிஞ்சா போதுமா?" என்ற உன் பழைய புலம்பல் காதில் விழுந்தது.

கம்பெனித் தளத்துக்குப் போய் ஆகப் புதிய டிரைவரை எடுத்தேன். இந்தப் பழைய கார்டுக்கு அது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. பழையவற்றில் தேடி, இந்தக் கார்டையும் சேர்த்துக்கொண்ட கடைசி டிரைவரைக் கண்டுபிடித்தேன். இருந்ததைச் சுத்தமாக நீக்கினேன், அதைப் போட்டேன், உன்னைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பொட்டலம் வந்தது. விசிறி மெல்லக் கனைத்து, இரைய ஆரம்பித்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அம்மா நனைந்த காலோடு உள்ளே வந்தார். "வந்துட்டாளா?" என்று முரளியைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"உள்ள வேல நடக்குதும்மா" என்றேன். அது பொய்யில்லை.

இப்போது முரளி புதுக் கார்டு வாங்கலாம் என்கிறான். இதைவிடப் பல மடங்கு வேகமாம், சத்தமே வராதாம். நீயாக இருந்தால் வேகமானதைத்தான் எடுத்திருப்பாய், யார் அம்மாவுக்காவது சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்பாய். என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள். இந்தக் கார்டுக்கும் இந்த டிரைவருக்கும் பொட்டலம் வரும்வரை வரட்டும். வராத நாளில் பார்த்துக்கொள்வோம். முடிந்த கணக்கெல்லாம் இன்னும் உன் பெயரிலேயே போகிறது.

என்னைக் கேட்பவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். ஆபீசில் உன் மேசைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள், நல்ல பெண்தான். அவள் பேசும்போது தலையாட்டுகிறேன். அந்த மேசையை நேராகப் பார்க்க இன்னும் முடியவில்லை.

பெட்டி இன்னும் மூலையில் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'பிறகு' என்பதைத் தட்டினேன். அதற்குள் கூடத்திலிருந்து அம்மாவின் குரல். மருமகளின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, என்னை யாரென்றும் தெரியாது. ஆனால் மருமகள் தேநீர் கலக்கும்போது சமையலறை வாசலில் போய் நின்றுவிடுவார். "உள்ள வேல செய்யிற பிள்ளைக்குத் தே ஓ கோசோங். பாலும் வேணாம், சீனியும் வேணாம்."

அந்தக் குவளையை என் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிடுவார். நான் உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பேன். எனக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும் என்று உனக்குத் தெரியும். கசக்கிறதடி. ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் காலிக் குவளையை அம்மாவிடம் கொண்டுபோகிறேன். குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "குடிச்சிட்டா" என்று அவர் நிம்மதியாகிறார்.