இடது கைப் பெருவிரல்

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பாஞ்சாலிக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. 'ழ' போடும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம் கண்ணு, நானேதான். விவேக் நகர் ஆஞ்சலா டீச்சர் எட்டு மாதமாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஓசூர் பஸ் போர்டு, மளிகைக் காலண்டர், சுவரில் ஒட்டிய தமிழ் சினிமா போஸ்டர் என்று ஒன்றையும் நான் விடுவதில்லை. தீபாவளிக்கு நீ வரும்போது பேப்பரை விரித்துப் படித்து உன்னை அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதற்குள் உன் கவர் வந்தது. நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தத் தாள் மட்டும். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வேன், நாலு பேர் முன்னால் எனக்கு உறைக்கட்டும் என்று நினைத்திருப்பாய். யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்று நாள் எழுத்துக்கூட்டி நானே படித்தேன்.

மேல்பாதி கன்னடம், கீழ்ப்பாதி தமிழ். ஆற்றைக் காப்பாற்ற இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து போட்ட குழுவின் அறிக்கை. "நீர் தெளிவாக உள்ளது. நுரை இல்லை, நாற்றம் இல்லை. ஆண்டு முழுவதும் இப்படியே இருப்பதாக ஏரிக் காவலர் கோவிந்தப்பா, வயது 69, தெரிவித்தார்." கீழே என் இடது கைப் பெருவிரல்.

பாஞ்சாலி, நான் அப்படிச் சொல்லவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

நான் டீச்சரிடம் சேர்வதற்கு முன்னால் நடந்தது இது. குழு வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் மஞ்சுநாத் வந்து, "தாத்தா, சாக்கடை ஷட்டரை இறக்கிடு, நாளைக்கு ரெண்டு ஸ்டேட் ஆபீஸர் சாஹேப்ருங்களும் வராங்க" என்றான். இறக்கினேன்; ஏரிக்குள் சாக்கடை வருவது நின்றது. மறுநாள் நாலு ஜீப். இந்த அரசும் அந்த அரசும் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டன. தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறவர்களாம்! மசால் தோசை தின்பதில் என்ன ஒற்றுமை! தெளிந்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்தார்கள். ஒரு தாளை நீட்டி விரல் வைக்கச் சொன்னார்கள்; எதற்கு என்று கேட்டேன். "ஏரி வாசல் கேட் திறந்துவிட்டேல்ல, அட்டெண்டன்ஸ். ஹெப்பெட்டு ஒத்து தாத்தா" என்று மஞ்சுநாத் சிரித்தான். ஹெப்பெட்டு என்றால் பெருவிரல். படிக்காதவனையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர்கள் போனதும் ஷட்டரைத் தூக்கினேன். நுரை ஆள் உயரம் எழும்பி, ஏரியைத் தாண்டி ஆற்றோடு ஓசூரில் உன் வயல் பக்கம் போனது.

ஓசூர் மண்டியில் உன் கொத்தமல்லியை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று நீ அழுதபோது அரசாங்கத்தைத் திட்டினேன். பேத்தி ரக்ஷிதா காலில் புண் ஆறவில்லை என்றபோது டாக்டரைத் திட்டினேன். ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிய கை என் மடியில்தான் இருந்தது.

நேற்று மாப்பிள்ளையைப் போனில் பிடித்தேன். வாய்க்கால் தண்ணீர் நாறுகிறது என்று நீ கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டு, "மேல இருக்கிற காவல்காரனே நல்ல தண்ணின்னு சொல்லிட்டானேம்மா" என்று ஓசூர் அதிகாரி இந்தத் தாளை நீட்டினாராம். நீ பெயரைப் படித்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாயாம்.

வரும் வியாழக்கிழமை குழு மறுபடி வருகிறது. ஷட்டரை இறக்கச் சொல்லி உத்தரவு போட்டாயிற்று. இறக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். "நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஷட்டரை மூடிவிட்டுத்தான் உங்களுக்குத் தண்ணீர் காட்டினோம்" என்று இரண்டு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அரசுக்கு ஒன்றாக. கீழே விரல் இல்லை, கையெழுத்து. கோவிந்தப்பாவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, டீச்சர் வைக்கச் சொன்னார்.

நீயும் வா அம்மா. உன் வாய்க்கால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வா. அவர்களுடைய இரண்டு பாட்டிலுக்குப் பக்கத்தில் அதையும் வைப்போம். மூடியைத் திறந்து மோந்து பார்க்கட்டும்.

குழந்தையைத் தண்ணீரில் இறக்காதே. அவள் கால் ஆறி ஓடியாட வேண்டும், நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம், எழுது. என்ன திட்ட வேண்டுமோ எல்லாம் எழுது. இனி அதை எனக்கு வேறு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நீ எழுதாவிட்டாலும், வியாழக்கிழமை நடந்ததை அடுத்த வாரம் நான் எழுதுவேன்.

உன் அப்பா
கோவிந்தப்பா