பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்த அடுப்பு

என் பிரியமுள்ள அத்தைக்கு,

நம் கொல்லையில் நெல் அவிக்கும் அடுப்பு மறுபடி விரிசல் விட்டுவிட்டது. நீங்கள் போன பிறகு புதிதாகப் போட்ட அடுப்புதான். அதே கிழக்குப் பக்கம், அண்டா உட்காரும் இடத்துக்குக் கீழே. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் பார்க்காத உங்கள் சின்ன மருமகள் ராணிக்கு இப்போது ஆறு மாசம். உங்கள் சின்ன மகன் அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அண்ணி. புள்ள பொறக்கட்டும், மறுநாளே இடிச்சிடலாம்" என்றார்.

அது உங்கள் வார்த்தை அல்லவா? அன்று என் வயிற்றில் பிள்ளை. உங்கள் மூத்த மகன் கடப்பாரையோடு வந்து நின்றபோது, "வாயும் வயிறுமா இருக்கறவள வச்சுக்கிட்டு அடுப்ப இடிக்கிறதாடா? புள்ளைக்கு ஊனம் வந்தா நீயா பாப்ப?" என்று விரட்டினீர்கள். பிள்ளை பிறக்கும்வரை புது அடுப்பும் போடக்கூடாது என்றீர்கள். திருமானூர்ப் பக்கத்து நெல் நம்மிடம் அவிக்க வந்துகொண்டிருந்தது. அடுப்பை நிறுத்தினால் நமக்குச் சோறு ஏது? வெடிப்பில் களிமண்ணை அப்பி அப்பி ஓட்டினீர்கள்.

என்னை மட்டும் பக்கத்தில் விடவில்லை. "நீ கிட்ட வராத, நான் பாத்துக்கறேன்" என்று, நான் வழக்கமாக நிற்கிற கிழக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். அப்படியென்றால் உங்களுக்கும் பயம் இருந்திருக்கிறது, இல்லையா?

அண்டா சரிந்து கொதிநீர் மேலே கொட்டியபோது நீங்கள் கத்தக்கூட இல்லை. கரும்பு லாரியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், வெந்த கையால் என் கையைப் பிடித்து, "புள்ள அசையுதா?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

பேத்திக்கு உங்கள் பெயர்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது, பாப்பா என்றே கூப்பிடுகிறேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊர் சும்மா இருக்கிறதா? பிறக்கும் முன்பே அப்பத்தாவை முழுங்கினவள் என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "ஏம்மா, நானாம்மா அடுப்ப சாச்சேன்?" என்று கேட்டாள்.

நேற்று ராணியிடம், இடித்துவிடலாம் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னக்கா பண்ணுவேன்?" என்று அழுதாள். பிள்ளை சுகமாகப் பிறந்தால் யாருக்கும் இந்த அடுப்பு ஞாபகம் இருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தான் என்பார்கள். ராணியும் சொல்வாள். ஒரே வீட்டில் சாகும்வரை அவள் முகத்தில் நான் விழிக்க வேண்டும்.

விழிக்கிறேன். அவள் உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.

உங்கள் பேச்சை நான் இதுவரை தட்டியதில்லை. கிட்ட வராதே என்றீர்கள். விடிந்ததும் கடப்பாரையோடு கிட்டப் போகிறேன், அத்தை.

உங்கள் மூத்த மருமகள்,
பாப்பாவின் அம்மா