நான்காவது அத்திப்பிஞ்சு

பெர்னா அப்பாவுக்கு,

கடலூர் போகிறேன், மூன்று மணிக்கு வந்துவிடுவேன். சட்டியில் மீன்குழம்பு இருக்கிறது. பெர்னாவைத் தன் மகனுக்குக் கேட்க சிதம்பரத்திலிருந்து உங்கள் அக்கா வந்தால் சூடாக்கிக் கொடுங்கள். பீரோ சாவி அரிசி டப்பாவில்.

"சின்னச் செடி, இந்த வருஷம் காய்க்க வுடாத. கிள்ளிடு, மொதல்ல வேர் புடிக்கட்டும்" என்றீர்களே, அத்தியில் மூன்று பிஞ்சைக் கிள்ளிவிட்டேன். நான்காவதைத் தொட மனசு வரவில்லை. தானாக வந்ததை ஏன் கிள்ள வேண்டும்? விட்டால் செடி நொந்துபோகுமோ? ஒன்றும் புரியவில்லை.

பெர்னா இப்போதுதான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். என்னையும் அந்த வயதில்தான் கட்டிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். இருக்கிறேனா?

ஜோதி

பி.கு: பிஞ்சை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள். அக்காவிடம் மட்டும் இன்றைக்கே தலையாட்டிவிடாதீர்கள்.